விர்ச்சோவின் வழித்தடத்தில் ஏழு நாள்

முதல் நாள், மார்ச் 13, பெர்லின்

சாரிட்டே மருத்துவமனைக்குப் பக்கத்தில் கார்ல்பிளாட்ஸ் என்று ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. அங்கே உயரமான பீடத்தின் மேல், உடம்பில் துணியில்லாத ஒரு பலசாலி, ஸ்பிங்ஸ் போன்ற மிருகம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். நான் தேடி வந்தவர் அவன் இல்லை. கீழே பீடத்தில் புடைப்பாகச் செதுக்கிய ஒரு முகம் இருக்கிறது. அதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. ஃப்ரிட்ஸ் கிளிம்ஷ் என்ற சிற்பி 1910-இல் முடித்த நினைவுச்சின்னம் இது. மருத்துவம் நோயை அடக்குகிறது என்பது கருத்தாம். எனக்கு அந்தப் பலசாலியைவிடக் கீழே இருந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது.

இங்கே அவர் பெயரை ‘ஃபிர்ஹோ’ என்பதுபோல் சொல்கிறார்கள். நாங்கள் கல்லூரியில் விர்ச்சோ என்று படித்தோம். நானும் மாணவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். பழகிய வாய், அப்படியே எழுதுகிறேன்.

மருத்துவம் படித்த யாரும் இந்தப் பெயரைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கான மூன்று காரணங்கள் இவர் பெயரில் இருக்கின்றன. வயிற்றுப் புற்றுநோய் பரவும்போது இடது கழுத்தெலும்புக்கு மேலே தடிக்கும் நிணநீர்க் கணுவும் இவர் பெயரில்தான். நோய் என்பது உடம்பின் செல்களில் நடக்கும் மாற்றம் என்று நிறுவிய அவருடைய உரைகள் 1858-இல் நூலாக வந்தன. ஆனால் நான் இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியது சமூக மருத்துவத் துறையில். எனக்கு வேண்டிய விர்ச்சோ வேறொருவர். 26 வயதில் ஒரு கொள்ளைநோயைப் பார்க்கப் போய், வேறு மனிதராகத் திரும்பி வந்தவர். தம்பி பெர்லினுக்குக் குடிவந்த நாளிலிருந்தே அவர் போன தடத்தில் ஒருமுறை போய்வர வேண்டும் என்று ஆசை. ஓய்வு பெற்ற பிறகு இப்போதுதான் முடிந்தது.

சாரிட்டே வளாகத்துக்குள் அவர் 1899-இல் திறந்த அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உடல் உறுப்புகளைச் சேர்த்து வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அவருடைய பழைய விரிவுரை மண்டபமும் குண்டுவீச்சில் சிதைந்தது. பூச்சில்லாத செங்கல் சுவர்களோடு அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே ஒரு நுரையீரல் முன்னால் வெகுநேரம் நின்றேன். காசநோய் தின்ற நுரையீரல். மேல்பகுதியில் எலி கடித்த ரொட்டிபோலக் குழி. யாருடையதோ. பீடி சுற்றியவரா, தறி ஓட்டியவரா என்று என் மனம் பழக்கத்தில் கேட்டது. குடுவை அதைச் சொல்லாது. அந்தக் கேள்வியைப் பிணவறையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு போனவர் விர்ச்சோ.

இரண்டாம் நாள், மார்ச் 14, ஹோப்ரெக்ட்ஸ்ஃபெல்டே

இன்று தம்பி மகளும் வந்தாள். பதின்மூன்று வயது. குதிரை பார்க்கலாம் என்று சொன்னதும் கிளம்பிவிட்டாள். புறநகர் ரயிலில் புக் என்ற நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடை. போகும் வழியில் விர்ச்சோ எப்படிச் செத்துப்போனார் என்று கேட்டாள். பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எண்பது வயதில், 1902 ஜனவரி 4-ஆம் தேதி, லைப்சிகர் வீதியில் ஓடிக்கொண்டிருந்த டிராமிலிருந்து குதித்து இறங்கினார், தொடை எலும்பு முறிந்தது, அதிலிருந்து தேறாமலே அந்த வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி இறந்தார் என்றேன். “எண்பது வயசுல ஏன் அத்தை குதிச்சாரு?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவசரக்காரர் என்று மட்டும் சொன்னேன்.

ஹோப்ரெக்ட்ஸ்ஃபெல்டேயில் இப்போது மரங்களும் புல்வெளியும்தான். கோனிக் இனக் குதிரைகள் சாம்பல் நிறத்தில், குட்டையாக, மேய்ந்துகொண்டிருந்தன. அவள் வேலியோரம் போய்விட்டாள். நான் மண்ணைப் பார்த்தேன். பெர்லின் நகரத்தின் சாக்கடை நீர் பல காலம் வந்து பாய்ந்த மண் இது.

1870-களுக்கு முந்தைய பெர்லினில் வீட்டுக் கழிவெல்லாம் தெருவோரத் திறந்த கால்வாயில்தான் ஓடியது. அங்கிருந்து ஸ்ப்ரே ஆற்றுக்கு. டைபாய்டும் காலராவும் வந்து வந்து போயின. மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்த விர்ச்சோ, இதை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். பொறியாளர் யேம்ஸ் ஹோப்ரெக்ட் திட்டம் போட்டார். நகரைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியின் கழிவும் சரிவு வழியாகவே ஓர் இடத்தில் வந்து சேரும். அங்கே நீராவி இயந்திரம் அதை ஊருக்கு வெளியே உள்ள பண்ணைகளுக்குத் தள்ளும். வயலில் பாய்ந்து, மண்ணில் வடிகட்டிப் போகும். 1873-இல் வேலை தொடங்கியது. நாம் பாதாளச் சாக்கடை என்கிறோமே, அதேதான். என்ன அழகான சொல் அது! நாலு தலைமுறைக்குத் தேவையானதைப் பாதாளத்தில் புதைத்துவிட்டு, மேலே யாருக்கும் ஞாபகம் இல்லாமல் இருப்பது.

இதற்கொரு மறுபக்கமும் உண்டு. நூறு வருஷத்துக்கு அருகே கழிவு பாய்ந்ததில், மண்ணில் ஈயம் போன்ற கன உலோகங்கள் படிந்துவிட்டன. இங்கே இன்றைக்கும் உணவுப் பயிர் போடுவதில்லை.

வேலியோரத்திலிருந்து வந்தவள் கையெல்லாம் சேறு. “கையைக் கழுவிட்டுத்தான் சாப்பிடணும், சொல்லிட்டேன்” என்றேன். வேறென்ன சொல்வேன்.

மூன்றாம் நாள், மார்ச் 15, ரயிலில்

பகலெல்லாம் ரயில். பெர்லினிலிருந்து விரோட்ஸ்வாஃப், ஓப்போலே வழியாகக் காட்டோவிட்சே. எல்லை எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. பலகைகளில் எழுத்து மாறியதும்தான் போலந்து வந்துவிட்டது என்று புரிந்தது. இந்தப் பகுதி அன்றைக்குப் பிரஷ்ய அரசின் மேல் சிலேசியா. விர்ச்சோ 1848 பிப்ரவரி 20-ஆம் தேதி பெர்லினை விட்டுப் புறப்பட்டார். காட்டோவிட்சேயில் சின்ன ரயிலுக்கு மாறி ரிப்னிக் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் மூக்கில் நிலக்கரிப் புகை.

நான்காம் நாள், மார்ச் 16, ரிப்னிக்

காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தேன், உடனே சாத்திவிட்டேன். வீடுகளின் புகைபோக்கிகளிலிருந்து மஞ்சள் கலந்த புகை தாழ இறங்கித் தெருவிலேயே நிற்கிறது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள ஊர். குளிர்காலத்துக் காற்று மாசுக்குப் பேர் போனது. பழைய கரியடுப்புகளை மாற்ற வேண்டும் என்று மாகாணம் 2017-இல் சட்டம் போட்டது. அடுப்பை மாற்றக் காசு வேண்டுமே. குளிர் காய மலிவான கரியை எரிக்கிறவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

1847-இல் இங்கே பிரச்சினை வேறு. உருளைக்கிழங்கு தொடர்ந்து பொய்த்தது, அதற்குமேல் வெள்ளம். மக்கள் க்ளோவர் புல்லையும் அறுகு போன்ற புல்லின் வேரையும் தின்றார்கள். பசியின் பின்னாலேயே டைபஸ் வந்தது. இது டைபாய்டு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. டைபஸ் உடல் பேன் வழியாகப் பரவுவது. குளிரில் மாற்றுத் துணி இல்லாமல், ஒரே அறையில் நெருங்கிப் படுத்திருக்கிற இடத்தில் அது காட்டுத்தீ. பேன்தான் பரப்புகிறது என்று ஷார்ல் நிக்கோல் கண்டுபிடித்தது 1909-இல்தான். அதற்குள் விர்ச்சோ இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.

எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கிற இடம் இது. அவருக்குக் கிருமி தெரியாது. பேன் தெரியாது. கையில் மருந்தும் இல்லை. பத்திரிகைகளில் செய்தி வந்து அவமானமாகிப்போனதால், ‘போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று அரசு அனுப்பிய இளம் மருத்துவர், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கும் குறைவாகவே இருந்தார். குடிசை குடிசையாக நுழைந்தார். ஓர் அறை, ஒரு அடுப்பு, அதிலேயே குடும்பமும் கால்நடையும். படுத்திருந்தவர்களின் காய்ச்சலையும் தடிப்பையும் குறித்தார். பிணங்களை அறுத்துப் பார்த்தார். அப்புறம், மருத்துவ அறிக்கையில் யாரும் எழுதாததை எழுதினார். இந்த மக்கள் பேசுவது போலிஷ். பள்ளியும் அலுவலகமும் பேசுவது ஜெர்மன். நிலம் பிரபுக்களிடம் இருக்கிறது. விளைச்சலின் பணம் வெளியூரில் செலவாகிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதிகாரி எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே மருந்து: முழுமையான, வரம்பில்லாத ஜனநாயகம். கல்வி, விடுதலை, வளம். தாய்மொழிக்கு ஆட்சியில் இடம், ஏழைமேல் விழும் வரியைப் பணக்காரர் பக்கம் மாற்றுவது, சாலைகள், விவசாயிகளின் கூட்டுறவு.

காய்ச்சலுக்குச் சாலை மருந்தா என்று என் மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்கு நான் சொன்னது என் சொந்தக் கதை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரே குழந்தை இரண்டு மாதத்தில் மூன்று தடவை வயிற்றுப்போக்கோடு வந்தது. மூன்றாவது தடவை உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவோடு அவர்கள் வீட்டுக்கே நடந்து போனேன். குடிதண்ணீர்க் குழாயின் இணைப்பு சாக்கடைக்குள்ளேயே முழுகிக் கிடந்தது. அந்த இணைப்பைச் சுற்றியிருந்தது ஒரு பழைய பனியன் துணி. அந்த அம்மா அந்தத் துணியை எனக்காக அவிழ்த்துக் காட்டினார். நான் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு மூன்றும் அப்போது என் கண்முன் வந்தன. அன்றைக்குத்தான் விர்ச்சோ எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்தார்.

ஆனால் அந்த அறிக்கையில் என்னைச் சங்கடப்படுத்தும் பக்கங்களும் உண்டு. இம்மக்களைச் சோம்பேறிகள், அழுக்கானவர்கள், சாராயத்துக்கு அடிமை, நாயைப்போலப் பணிந்து போகிறவர்கள் என்ற ரீதியில் எழுதுகிறார். பிறகுதான், நூற்றாண்டுகளாக அடிமையாக வைத்திருந்தால் வேறெப்படி இருப்பார்கள் என்ற இடத்துக்கு வருகிறார். வெறுப்பில் தொடங்கிக் காரணத்துக்கு வந்து சேர்வது, ஒரே அறிக்கைக்குள் நடக்கிறது. வகுப்பில் நான் அந்தப் பக்கங்களை மறைத்ததில்லை.

மதியம் ‘யூலியுஷ்’ வளாகத்துக்குப் போனேன். பழைய செங்கல் மருத்துவமனை. இப்போது மருத்துவ வரலாற்றைக் காட்டும் இடமாக்கியிருக்கிறார்கள். யூலியுஷ் ரோகர் என்ற மருத்துவரின் பெயர் அது. தென்ஜெர்மனிக்காரர். 1847-இல் ராட்டிபோர் பிரபுவின் மருத்துவராக இந்தப் பக்கம் வந்தவர், டைபஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். திரும்பிப் போகவே இல்லை. மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டார். நோயாளி பார்க்கப் போன கிராமங்களில் பாட்டுகளை எழுதிக்கொண்டார். 546 நாட்டுப்பாடல்களை 1863-இல் தொகுத்து வெளியிட்டார். வண்டுகளையும் சேகரித்தார். மருத்துவமனைகள் கட்டினார். ரிப்னிக் மருத்துவமனை முடிவதற்குள், 1865-இல், இறந்துவிட்டார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இவரைப் பற்றி இங்கே வரும்வரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் மூன்று வாரம் இருந்து உலகம் படிக்கிற அறிக்கை எழுதினார். இன்னொருவர் பதினெட்டு வருஷம் இருந்தார். நாய்போலப் பணிகிறவர்கள் என்று ஒருவர் கண்டவர்களிடமிருந்தேதான் இன்னொருவர் 546 பாட்டு கேட்டு வாங்கினார். இரண்டு பேரும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் பாட்டை எழுதியவர்மேல் இன்று மனம் சற்று அதிகமாகவே சாய்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள், மார்ச் 17, ப்ஷ்சினா

அன்றைய பெயர் ப்ளெஸ். நடுவில் பெரிய அரண்மனை; இப்போது அருங்காட்சியகம். சுவர் நிறையக் கண்ணாடி வைத்த ஒரு மண்டபத்தில் என்னையே எட்டுப் பத்துத் தரம் பார்த்தேன். வெளியே பூங்காவில் பிள்ளைகள் வாத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1847 என்ற ஒரே வருஷத்தில் இந்த வட்டாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் செத்துப்போனதாக விர்ச்சோ எழுதியிருக்கிறார். அதில் வெறும் பட்டினியால் செத்தவர்களும் உண்டு. பூங்காவில் நடந்துபோனவர்களை என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். பத்தாவது ஆள் ஒரு தள்ளுவண்டிக் குழந்தை. அதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மாலை ரயிலில் திரும்பினேன்.

ஆறாம் நாள், மார்ச் 18, ஃப்ரீட்ரிஷ்ஹைன்

இந்தத் தேதிக்காகத்தான் பயணத்தையே இப்படி அமைத்தேன். விர்ச்சோ சிலேசியாவிலிருந்து 1848 மார்ச் 10-ஆம் தேதி பெர்லின் திரும்பினார். எட்டாம் நாள் மன்னராட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. ஃப்ரீட்ரிஷ் வீதியும் டௌபன் வீதியும் சந்திக்கும் இடத்தில் தடுப்பரண் கட்டியவர்களில் அவரும் ஒருவர். கையில் ஒரு கைத்துப்பாக்கி, எதிரே ராணுவம்.

அன்று இறந்தவர்களில் 183 பேரை மார்ச் 22-ஆம் தேதி ஊர்வலமாகக் கொண்டுவந்து அடக்கம் செய்த இடம் ஃப்ரீட்ரிஷ்ஹைனில் இருக்கிறது. வருஷா வருஷம் இந்த நாளில் மலர்வளையம் வைக்கிறார்கள். பள்ளி விட்டதும் தம்பி மகளைக் கூட்டிக்கொண்டு டிராமில் போனேன். ரிப்பன்களில் எழுதியிருந்ததை அவள்தான் ஜெர்மனில் படித்துச் சொன்னாள். பழைய கற்களைப் பார்த்தோம். இறந்தவர்களில் ஒருவனான எர்ன்ஸ்ட் சின்னா என்ற பூட்டுத் தொழில் பழகிய பையனுக்குப் பதினேழு வயது. அவன் பெயரில் பக்கத்திலேயே ஒரு பாதை இருக்கிறது. “எங்க ஸ்கூல்ல பெரிய கிளாஸ் அண்ணாங்க வயசு” என்றாள்.

அந்த ஜூலையில் விர்ச்சோ ‘மருத்துவச் சீர்திருத்தம்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மருத்துவம் ஒரு சமூக அறிவியல், அரசியல் என்பது பெரிய அளவில் செய்யப்படும் மருத்துவமே என்று அதில்தான் எழுதினார். ஏழைகளுக்கு இயல்பான வழக்கறிஞர்கள் மருத்துவர்களே என்றார். ஒரு வருஷத்தில் புரட்சி தோற்றது, பத்திரிகை நின்றது, வேலைக்கும் சோதனை வந்தது. 1849-இல் வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1856-இல் பெர்லின் அவரைத் திரும்ப அழைத்தது.

புரட்சியில் தோற்றவர் பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1859-இல் மாநகராட்சி மன்றத்துக்குள் போனவர், சாகும்வரை 43 வருஷம் அதில் உட்கார்ந்திருந்தார். பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கே எரிச்சலாகி 1865-இல் துவந்த யுத்தத்துக்குக் கூப்பிடும் அளவுக்கு நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்தான். ஆனால் சாக்கடை அகலம், இறைச்சிப் பரிசோதனை, பள்ளிக்கூட சுகாதாரம் என்று சலிப்பூட்டும் கூட்டங்களுக்கும் போனார். இந்த இடுகாட்டின் அடுத்த மதிலிலேயே அதற்குச் சாட்சி நிற்கிறது. பெர்லினின் முதல் மாநகராட்சி மருத்துவமனை, 1874-இல் திறந்தது. அதற்காக விர்ச்சோ விடாமல் பாடுபட்டார். தனித்தனிக் கட்டடங்களாக, நடுவே காற்றும் வெளிச்சமும் புகும்படி கட்டினார்கள். இன்றும் அங்கே மருத்துவமனைதான். அவசர ஊர்தி ஒன்று உள்ளே திரும்பியதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். தடுப்பரணில் செத்த பையன்களுக்கு ஒரு சுவர் தள்ளி, காசில்லாதவருக்கும் ஒரு படுக்கை. தற்செயலாகவே அமைந்திருக்கலாம். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏழாம் நாள், மார்ச் 19, ஷோனபெர்க்

கடைசியாக அவர் கல்லறை. யோர்க் வீதி நிலையத்தில் இறங்கினால் பழைய புனித மத்தேயு இடுகாடு பக்கம்தான். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். தம்பி மகளுக்கு அது பெரிய சந்தோஷம். முதலில் அங்கே போய்விட்டுத்தான் விர்ச்சோவிடம் வந்தோம்.

அவர்மேல் எனக்குள்ள மனத்தாங்கலையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பிரசவித்த பெண்களைக் காப்பாற்றக் கையைக் கழுவுங்கள் என்று மருத்துவர்களிடம் சொன்ன செம்மல்வைஸ் என்ற மருத்துவரை இவர் ஏற்கவில்லை. கிருமிக் கொள்கையிலும் கடைசிவரை முழு மனது இல்லை. நோய்க்குக் காரணம் வாழ்க்கை நிலைமை என்பதில் அவ்வளவு உறுதி. அந்த உறுதியே கண்ணை மறைத்துவிட்டது. மானுடவியல் என்ற பேரில் தூரதேசங்களிலிருந்து, காலனிகளிலிருந்தும், மண்டையோடுகளைச் சேகரித்தார். இறந்தவர்களின் சொந்தக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அதே மனிதர்தான் ஏறத்தாழ 67 லட்சம் ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளின் முடி, கண், தோல் நிறத்தைக் கணக்கெடுத்து, சுத்த ஜெர்மன் இனம் என்று ஒன்று கிடையாது என்று காட்டியவரும். இரண்டையும் சேர்த்தே அவரை என் மனதில் வைத்திருக்கிறேன்.

கல்லில் அவர் பெயரோடு மனைவி ரோஸும் இருக்கிறார். தம்பி மகள் ஈர இலைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு இரண்டு பெயரையும் வாய்விட்டுப் படித்தாள். ‘ஃபிர்ஹோ’ என்று அவள் சொன்னது மிகச் சரியாக இருந்தது. நானும் ஒருமுறை அப்படியே சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கடைசித் தூரம் டிராம். எங்கள் நிறுத்தம் வந்ததும் பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தை, நிக்கட்டும். நின்னதுக்கு அப்புறம் இறங்கலாம்.”

நின்ற பிறகுதான் விட்டாள்.